நெட்டுக்குத் திருப்பினால் வரும் நிழல்

அன்புள்ள அண்ணா,

கொழிஞ்சாம்பாறையில் ஸ்டுடியோ வைத்து இரண்டு வருடம் ஆகிறது. கல்யாணத்தில் கேமராவை நெட்டுக்குத் திருப்பி எடுத்தாலே, பொண்ணு மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் சுவரில் கறுப்பாக ஒரு நிழல் விழுகிறது. ஃபிளாஷை லென்ஸுக்கு மேலே தூக்கிப் பிடிக்கும் பிராக்கெட் ஒன்றை வாங்கச் சொல்கிறார் இங்குள்ள பழைய ஃபோட்டோகிராபர். அது ஃபிலிம் காலத்துச் சாமான் என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். வாங்கலாமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

ஃபிலிம் காலத்துச் சாமான்தான். ஆனால் நிழல் இன்னும் பழைய இடத்தில்தானே விழுகிறது!

கேமரா படுக்கையாக இருக்கும்போது ஃபிளாஷ் லென்ஸுக்கு மேலே இருக்கிறது. நிழல் ஆளுக்குப் பின்னால் கீழே இறங்கி மறைந்துவிடும். நெட்டுக்குத் திருப்பினால் ஃபிளாஷ் பக்கவாட்டுக்குப் போகிறது, நிழல் எதிர்ப்பக்கம் நீள்கிறது. பிராக்கெட் செய்வதெல்லாம், எப்படித் திருப்பினாலும் ஃபிளாஷை மேலேயே வைத்திருப்பது. லென்ஸிலிருந்து தள்ளிப் போவதால் கண் சிவப்பதும் குறையும். வெளிச்சம் மென்மையாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஃபிளாஷின் முகப்பு அதே அளவுதான்.

வேலந்தாவளம் பக்கம் ஒரு கல்யாணம். தாலி கட்டும் நேரத்தில் அவசரமாகக் கேமராவைத் திருப்பினேன். ஃபிளாஷ் மாப்பிள்ளை பக்கம் வந்துவிட்டது. குனிந்த அவர் தலையின் நிழல் பொண்ணு முகத்தில் அப்படியே விழுந்தது. மறுபடி கட்டச் சொல்ல முடியுமா? ஆல்பத்தைப் பார்த்த தாய்மாமன், "பொண்ணு மூஞ்சில என்னப்பா கரி?" என்றார். அடுத்த வாரமே பிராக்கெட் வாங்கினேன். அது இல்லாத நாளில், பொண்ணு இருக்கும் பக்கம் ஃபிளாஷ் வரும்படி திருப்புங்கள்.

தாழ்வான வெள்ளை சீலிங் உள்ள மண்டபமென்றால் பிராக்கெட்டே வேண்டாம், ஃபிளாஷை மேலே திருப்பி, வெளிச்சம் சீலிங்கில் பட்டுத் திரும்பி வரும்படி பவுன்ஸ் செய்துவிடலாம். நம் பக்கத்துப் பந்தல்களில்தான் சிக்கல். ரோஸ் துணியில் பவுன்ஸ் செய்தால் எல்லோரும் ரோஸாகிவிடுவார்கள். கோயில் முற்றத்திலோ மேலே வானம்தான். அங்கே பிராக்கெட் கைகொடுக்கும்.

மலையாளக் கல்யாணத்தில் இன்னொன்று: வெளிர்நிறக் கசவுச் சேலையும் வெள்ளை வேட்டியும் ஃபிரேமை நிறைத்தால், லென்ஸ் வழியாக அளந்து ஃபிளாஷைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் டிடிஎல் ஏமாந்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும். ஃபிளாஷ் வெளிச்சத்தை நாமே கூட்டிக் குறைக்கும் ஃபிளாஷ் காம்பென்சேஷனைப் பிளஸ் 0.7 வரை ஏற்றிப் பாருங்கள். இதற்குப் பிராக்கெட் உதவாது.

கனம் ஒரு தொல்லை. ரிசப்ஷன் முடிவதற்குள் மணிக்கட்டு வலிக்கும். அதனால் உடனே வாங்க வேண்டாம். அந்தப் பழைய ஃபோட்டோகிராபர் வீட்டுப் பரணில் ஒன்று கிடக்கும்; கேட்டு வாங்கி ஒரு கல்யாணத்துக்குக் கொண்டுபோங்கள். பிராக்கெட்டில் இருக்கும் ஃபிளாஷைக் கேமராவோடு இணைக்கும் டிடிஎல் கேபிளை மட்டும் உங்கள் கேமராவுக்குப் பொருந்துவதாகப் புதிதாக வாங்கிவிடுங்கள். பழைய கேபிள் சரியாக முகூர்த்தத்தில்தான் காலை வாரும்.