மானா பூல்ஸ் பயணம்: முகவர் சொல்வதில் எதை நம்பலாம்?

கேள்வி: வரும் அக்டோபரில் மனைவி, 11 வயது மகனுடன் ஜிம்பாப்வேயின் மானா பூல்ஸ் தேசியப் பூங்காவில் 4 இரவுகள் தங்க விரும்புகிறேன். பூங்காவை ஒட்டிய ஆற்றங்கரையில் தங்கலாம், வழிகாட்டி இல்லாமலே காட்டில் நடக்கலாம், அப்படியே காரில் விக்டோரியா அருவியையும் பார்த்துவிடலாம் என்று சொல்லும் முகவர், முழுத் தொகையையும் தம் சொந்தக் கணக்கில் முன்னதாகவே செலுத்தச் சொல்கிறார். செலுத்தலாமா?

பதில்: செலுத்த வேண்டாம். நீங்கள் தேர்ந்த மாதத்தில் குறையில்லை. உள்காட்டுக் குட்டைகள் வற்றிவிடுவதால் யானை, எருமை, காட்டுநாய் எல்லாம் ஜாம்பெசி ஆற்றோரத்துக்கு வந்து சேரும் காலம் அது. வெயில் 40 பாகையைத் தாண்டும் என்பதை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள். நவம்பரில் மழை தொடங்கிவிட்டால் அங்குள்ள மண் சாலைகளை நம்ப முடியாது.

முகவர் சொன்னவற்றில் 'ஒட்டிய' என்ற சொல்தான் எனக்கு முதலில் உறுத்துகிறது. பூங்கா ஆற்றின் தென்கரையில் இருக்கிறது; எதிர்க்கரை ஜாம்பியா, அங்கே இருப்பது வேறொரு தேசியப் பூங்கா. எல்லை நகரமான சிருண்டுவிலோ, கரிபா ஏரிக்கரையிலோ படுக்க வைத்துவிட்டு அதையும் 'ஒட்டிய இடம்' என்று விற்பவர்கள் உண்டு; அங்கிருந்து நாள்தோறும் போய்வந்தால் விலங்குகள் நடமாடும் காலையும் மாலையும் சாலையிலேயே கழிந்துவிடும். ஆகவே தங்குமிடத்தின் பெயர் என்ன, அது எந்தக் கரையில், பூங்கா எல்லைக்குள்தானா என்று எழுத்தில் கேளுங்கள். நியாமெப்பி போன்ற அரசு முகாம் என்றால், ஜிம்பாப்வே பூங்கா ஆணையத்தின் பதிவுச் சீட்டு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். கட்டணம் உள்நாட்டவருக்கு ஒன்று, வெளிநாட்டவருக்கு ஒன்று என்று இருப்பதால், உங்களை உள்நாட்டவராகப் பதிந்து மிச்சத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள முகவருக்கு வழியிருக்கிறது. அந்த வேறுபாட்டைப் பிறகு நீங்கள்தான் கட்ட நேரும்.

சொந்தமாகக் கார் ஓட்டிச் செல்வோர், நுழைவுச் சீட்டை முதலில் ஹராரே–சிருண்டு பெருஞ்சாலையோரத்து மரொங்கோரா அலுவலகத்தில் பெற வேண்டும். அது இல்லாமல் வாயிலுக்குப் போனால் திரும்பத்தான் வேண்டும். ஒரே சீட்டுக்கு ஏன் இரண்டு இடங்களில் வண்டியை நிறுத்த வேண்டும் என்பதற்குப் பொருத்தமான காரணம் எதையும் நான் கண்டதில்லை. பெருஞ்சாலையிலிருந்து திரும்பியபின் ஆற்றங்கரை வரை ஏறத்தாழ 70 கி.மீ. மண் சாலை, உள்ளே எரிபொருளும் கிடைக்காது, கடையும் கிடையாது. விக்டோரியா அருவியோ, ஹராரே வழியாகப் போனால் 1,200 கி.மீ.க்கும் மேல்; 'அப்படியே பார்த்துவிடும்' தூரமா இது?

இனி நடைப்பயணம். ஆப்பிரிக்காவின் பெரும்பாலான பூங்காக்களில் காரை விட்டு இறங்கவே கூடாது. ஆனால் மானா பூல்ஸில், தனிக் கட்டணம் செலுத்தி அனுமதி பெற்றவர்கள் வழிகாட்டி இல்லாமல் நடக்கலாம் என்ற விதிவிலக்கு நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஆகவே முகவர் சொன்னது பொய்யன்று. ஆனால் நடக்கத் தடையில்லை என்று சொல்லும் சீட்டு, உங்களுக்கு நடக்கத் தெரியும் என்று சொல்லவில்லை. அங்குள்ள 'அனா' (ana) மரம் என்கிற வேல மர வகை, மழைக்காலத்தில் இலையுதிர்த்து வறண்ட காலத்தில் தழைக்கும் விந்தை மரம். அதன் காய்களுக்காக யானைகள் நீங்கள் நடக்க நினைக்கும் அதே நிழலில்தான் நிற்கும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, யானை எச்சரிக்கிறதா மெய்யாகவே பாய்கிறதா, நீர்யானை கரையேறிய தடம் எது என்பவற்றையெல்லாம் ஒருவர் ஆண்டுக்கணக்கில் பழகித்தான் அறிய முடியும். வேறு பூங்காவில் பத்துமுறை காரில் சுற்றிய அனுபவம் இங்கே கணக்கில் வராது. அந்த விதிவிலக்கு உங்களுக்காக ஏற்பட்டதன்று என்றே வைத்துக்கொள்ளுங்கள். மகன் உடன் இருக்கையில் பேச்சுக்கே இடமில்லை.

முழு உரிமம் பெற்ற வழிகாட்டியோடு நடக்கலாம். ஜிம்பாப்வேயில் அந்த உரிமத்துக்கு எழுத்துத் தேர்வு, துப்பாக்கிப் பயிற்சி, களத்தேர்வு எனப் பல படிகள் உண்டு. பயிற்சி நிலை உரிமம் வைத்திருப்பவர் உங்களை வண்டியில் அழைத்துச் செல்லலாம், நடத்திச் செல்லக் கூடாது. மலிவான ஏற்பாடுகளில் 'வழிகாட்டி' என்று வருபவர் பெரும்பாலும் இவர்தான், சில வேளைகளில் வெறும் ஓட்டுநர். உரிமத்தின் நகலை முன்கூட்டியே கேளுங்கள். நடைக்கும் படகுக்கும் பல நிறுவனங்கள் 12 அல்லது 16 வயது வரம்பு வைத்திருப்பதால், மகனின் வயதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

மலேரியா மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுப் புறப்படும் முன்பே தொடங்குங்கள். நீலமும் கறுப்பும், கடித்து இரத்தம் உறிஞ்சும் செட்சி ஈக்களை ஈர்க்கும் நிறங்கள், தவிர்த்துவிடுங்கள். முகாமுக்கு வேலி கிடையாது. இரவில் கூடாரத்தை விட்டு வெளியே வர வேண்டாம். ஆரஞ்சு, எலுமிச்சை எதையும் எடுத்துச் செல்லாதீர்கள். அந்த மணத்துக்காக யானை காரைக்கூடப் பிளந்துவிடும் என்பதால் அங்கே அவற்றுக்குத் தடை இருக்கிறது. மகனின் பையையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.