கிராமச் சுகாதாரப் பணியாளர் திட்டம் ஏன் பாதியில் தளர்ந்துவிடுகிறது?

பயிற்சியெல்லாம் கொடுத்தும் திட்டம் ஏன் சுணங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் கோளாறு அதற்குப் பிறகுதான்: மருந்து வராது, மேற்பார்வைக்கு ஆள் வராது.

இருமலோடு வரும் குழந்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். பணியாளர் அதன் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். 2 முதல் 11 மாதக் குழந்தைக்கு 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40. அதைத் தொட்டாலே வேகமான மூச்சு, நிமோனியாவாகக் கருதி அமாக்சிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தர வேண்டும். குழந்தை அழும்போது எண்ணினால் கணக்கு தப்பும். பதிவேட்டை மட்டும் புரட்டும் மேற்பார்வையாளருக்கு இந்தப் பிழை தெரியவே தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து தானும் எண்ணிப் பார்க்க வேண்டும். சரியாக எண்ணியும் பையில் மாத்திரை இல்லையென்றால், அந்தத் தாய் அடுத்த முறை வரமாட்டார். எல்லோருக்கும் ஒரே அளவு அனுப்பாமல், ஒவ்வொரு பணியாளரிடமும் எவ்வளவு மருந்து செலவாகிறது என்று பார்த்து அனுப்புங்கள்.

ஒருங்கிணைப்பில் பெரிய சிக்கல், மலேரியாவுக்கு ஒரு நிறுவனம், காசநோய்க்கு இன்னொன்று என ஆளுக்கொரு பதிவேடும் ஆளுக்கொரு படித்தொகையும் தருவது. பணம் கூடுதலாக வரும் வேலைதான் நடக்கும். மாவட்டச் சுகாதார அலுவலகத்தின்கீழ் ஒரே பதிவேடு, ஒரே ஊதிய விகிதம் என்று முதலிலேயே எழுதி ஒப்பந்தம் போடுங்கள். செய்த வேலைக்கேற்பத் தரும் ஊக்கத்தொகையை மட்டுமே நம்பிப் பணியாளர்களை விடக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதலும் சொல்கிறது.