அண்ணன் அமெரிக்க சிட்டிசன். எனக்குக் கிரீன் கார்டு கிடைக்க என்னென்ன வழிகள் இருக்கின்றன?

நீங்கள் கொடுத்த விவரம்: வயது 34, பி.இ. படிப்பு, 9 வருட வேலை அனுபவம், 5 வயதில் மகன், இந்தியாவில் பிறந்தவர். மனைவி பிறந்தது யாழ்ப்பாணம், இப்போது இந்தியக் குடியுரிமை. இதில் அண்ணனைத்தான் பெரிதாக நினைக்கிறீர்கள். உண்மையில் உங்கள் கையில் இருக்கும் பெரிய சீட்டு மனைவியின் பிறந்த ஊர். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அண்ணன் வழி. உடன்பிறந்தவருக்கு மனு போட அவர் சிட்டிசனாக இருக்க வேண்டும், வயது 21 நிறைந்திருக்க வேண்டும். கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவரால் முடியாது. படிவம் ஐ-130, ஆன்லைனில் 625 டாலர், தாளில் 675. ஒரே மனுவில் உங்கள் மனைவியும் மகனும் அடக்கம். மனு போய்ச் சேர்ந்த தேதிதான் உங்கள் 'பிரையாரிட்டி டேட்', அதாவது வரிசையில் உங்கள் இடம். யாருக்கு முறை வந்திருக்கிறது என்று மாதாமாதம் சொல்லும் அமெரிக்க அரசின் விசா புல்லட்டினில் எஃப்-4 (உடன்பிறந்தவர் பிரிவு) என்ற வரியைப் பாருங்கள். 2025-ல் இந்தியாவுக்கு அது 2006-ல் நின்றது, அதாவது 2006-ல் மனு போட்டவர்களுக்கே அப்போது முறை வந்தது. பத்தொன்பது வருடம்!

"அதற்குள் பையனுக்கு 21 தாண்டிவிடுமே?" என்பார்கள். தாண்டும், ஆனால் கணக்கு வேறு. உங்கள் முறை வரும் நாளில் மகனின் வயது என்னவோ, அதிலிருந்து ஐ-130 மனு முடிவாகாமல் கிடந்த காலத்தைக் கழிப்பார்கள். அன்று 24 வயது, மனு 5 வருடம் கிடந்தது என்றால் சட்டப்படி அவன் வயது 19. வருவான். மனு ஆறே மாதத்தில் அப்ரூவ் ஆகியிருந்தால் இருபத்து மூன்றரை, வரமாட்டான். ஆக, ஆபீஸில் ஃபைல் தூங்கினால் இங்கே லாபம்தான். அதுவரை அவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. முறை வந்த ஓராண்டுக்குள் விசாக் கட்டணத்தைக் கட்டியோ விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்தோ உரிமை கோரிவிட வேண்டும்.

இந்த மனுவில் நம் ஊர்க்காரர்கள் சறுக்குவது இனிஷியலில். நீங்களும் அண்ணனும் ஒரே பெற்றோரின் பிள்ளைகள் என்று இருவர் பிறப்புச் சான்றிதழும் சேர்ந்து காட்ட வேண்டும். ஒன்றில் அப்பா பெயர் 'எஸ். ராமசாமி', இன்னொன்றில் 'ராமசாமி பிள்ளை' என்று இருக்கும். அண்ணன் சான்றிதழில் குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடமே காலியாக இருக்கும். பெயரை, பிறப்பைப் பதிவுசெய்த மாநகராட்சியிலோ ஊராட்சியிலோ இப்போதே சேர்த்துவிடுங்கள். அப்பா பெயருக்கு, இருவரும் ஒருவரே என்ற அஃபிடவிட்டுடன் பழைய பள்ளிச் சான்றிதழ் ஒன்றையும் இணையுங்கள். அஃபிடவிட் மட்டும் கொடுத்தால் கேள்வி கேட்டுக் கடிதம் வரும். தமிழில் உள்ள எதற்கும் ஆங்கில மொழிபெயர்ப்பும் மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியும் தேவை.

கடைசிக் கட்டத்தில் அண்ணன் ஐ-864 என்ற ஆதரவு உறுதிப் பத்திரம் தர வேண்டும். அவர் வீட்டில் 4 பேர், நீங்கள் 3 பேர், மொத்தம் 7. 2025 வறுமைக்கோட்டின் 125 சதவீதக் கணக்கில் அவருக்கு ஆண்டு வருமானம் சுமார் 60,812 டாலர் வேண்டும். போதாவிட்டால் இன்னொருவர் கூட்டு ஸ்பான்சராக வரலாம்.

அண்ணன் பெற்றோரைக் கூட்டிப்போய், பிறகு அவர்கள் உங்களை அழைப்பது? கிரீன் கார்டு உள்ள பெற்றோரால் கல்யாணமான பிள்ளைக்கு மனு போட முடியாது. அவர்கள் சிட்டிசன் ஆன பிறகுதான் முடியும். அதற்கான எஃப்-3 (சிட்டிசனின் கல்யாணமான பிள்ளைகள்) வரிசையும் 2025-ல் 2011-ல்தான் நின்றது. கல்யாணமாகாத தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்கு இது உதவும்.

இப்போது வேலை வழி. அமெரிக்க நிறுவனம் ஒன்று அங்கே தகுதியான ஆள் கிடைக்கவில்லை என்று தொழிலாளர் துறையிடம் சான்று பெறும் (பெர்ம் என்பார்கள்). பிறகு 180 நாளுக்குள் உங்களுக்காக ஐ-140 என்ற குடியேற்ற மனு போடும். முதுகலையோ, இளங்கலையோடு 5 வருட அனுபவமோ இருந்தால் ஈபி-2 என்ற பிரிவு. வெறும் இளங்கலை என்றால் ஈபி-3. பி.இ. நாலு வருடப் படிப்பு என்பதால் உங்களுக்குச் சிக்கலில்லை. மூன்று வருட பி.எஸ்ஸி. மட்டும் உள்ளவர்கள் இங்கே மாட்டுவார்கள். பெர்ம் செலவை நிறுவனமே ஏற்க வேண்டும் என்பது சட்டம். "பெர்முக்கு அஞ்சு லட்சம் கட்டுங்க" என்று ஏஜென்ட் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இந்தியாவில் பிறந்தவர்களுக்கு ஈபி-2-வும் ஈபி-3-யும் 2025-ல் 2013 பக்கம் நின்றன. ஆண்டுக்குக் கொடுக்கும் கிரீன் கார்டுகளில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம்தான் என்ற உச்சவரம்பே காரணம். வரிசை குடியுரிமையை வைத்து அல்ல, பிறந்த நாட்டை வைத்து. கணவன் மனைவியில் ஒருவர் பிறந்த நாட்டின் வரிசையை மற்றவரும் எடுத்துக்கொள்ளலாம். இலங்கைக்குத் தனி வரிசை கிடையாது, பொது வரிசைதான். அதில் ஈபி-2, ஈபி-3 இரண்டும் அதே சமயம் 2023-ல் இருந்தன. உங்களுக்குப் பத்து வருடம் மிச்சம். எஃப்-4-லும் இது செல்லும், ஆனால் அங்கே லாபம் ஒன்றிரண்டு வருடமே. இருவரும் சேர்ந்தே அமெரிக்காவுக்குள் நுழைய வேண்டும், நீங்கள் முன்னால் போய் அவர் பிறகு வருவது ஒத்துவராது. மகன் பிறந்த நாட்டை வைத்து இப்படிச் செய்ய முடியாது.

ஆராய்ச்சிப் பின்னணி இருந்தால் தேசிய நலன் விலக்கில் நிறுவனம் இல்லாமலே நீங்களாக மனு போடலாம். முதலீட்டு வழிக்குக் குறைந்தது 8 லட்சம் டாலரும் 10 வேலைகளும் வேண்டும். கிரீன் கார்டு லாட்டரி (குலுக்கல்) இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இல்லை, ஆனால் அது நடக்கும் காலத்தில் அதிலும் மனைவி பிறந்த நாட்டை எடுத்துக்கொள்ளலாம்.

என்னைக் கேட்டால், அண்ணனை ஐ-130 போடச் சொல்லிவிட்டு அதை மறந்து வேலை வழியில் இறங்குங்கள். ஒன்று மற்றதைத் தடுக்காது. ஆனால் ஐ-130 இருக்கும்போது சுற்றுலா, மாணவர் விசா நேர்காணலில் திரும்பி வருவீர்களா என்ற கேள்வி கடுமையாகும். எச்-1பி, எல்-1 என்ற வேலை விசாக்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. மனைவியின் பிறப்புச் சான்றிதழின் பிரதியை இலங்கையிலிருந்து இப்போதே எடுத்து வையுங்கள். மனுவில் கொடுத்த மின்னஞ்சலும் உயிரோடு இருக்க வேண்டும்: விசா தயார் என்று அறிவிப்பு வந்து ஓராண்டு பதில் இல்லை என்றால் பதிவையே ரத்துசெய்வார்கள்.