தம்பியின் ஈரல் கட்டி: ஏ.எஃப்.பி. சரி என்று எம்.ஆர்.ஐ.யை விடலாமா?

விடாதீர்கள் தங்கச்சி. 22 வயதுத் தம்பிக்கு ஈரலில் பெரிய கட்டி, நடுவில் தழும்பு என்று சீ.ரி. ரிப்போர்ட் சொல்கிறது, ஈரல் புற்றுநோயில் கூடக்கூடிய ஏ.எஃப்.பி. என்ற புரதம் இரத்தத்தில் சரியாக இருக்கிறது, பிறகு ஏன் இன்னொரு ஸ்கான் என்று கேட்டிருந்தீர்கள். இந்த வயதில் நடுத்தழும்போடு வரும் கட்டி என்றால் முக்கியமாக இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எஃப்.என்.எச். என்பது புற்றுநோயே இல்லை, பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம். ஃபைப்ரோலமெல்லர் என்பது மிக அரிதான ஈரல் புற்றுநோய், ஈரலில் வேறு வருத்தம் எதுவும் இல்லாத இளம் ஆட்களுக்கு வருவது, அதில் ஏ.எஃப்.பி. பெரும்பாலும் கூடுவதே இல்லை. அந்த ஒரு ரிசல்ட்டை நம்பி இருக்க முடியாது.

எம்.ஆர்.ஐ.யில் அந்தத் தழும்பைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். ரி2 என்ற வகைப் படத்தில் வெள்ளையாகத் தெரிந்தால் எஃப்.என்.எச். பக்கம், கறுப்பாக இருந்தால் மற்றதில் சந்தேகம் போகும். அப்புறம் கடோக்செட்டேட் என்ற கொன்ட்ராஸ்ட் மருந்தை ஊசியால் ஏற்றி ஏறத்தாழ 20 நிமிடம் கழித்து எடுக்கும் படம் இருக்கிறதே, அதுதான் பெரிய உதவி. எஃப்.என்.எச்.இல் வேலை செய்யும் ஈரல் கலங்கள் இருப்பதால் மருந்தைப் பிடித்து வைத்து வெளிச்சமாக நிற்கும், ஃபைப்ரோலமெல்லர் பொதுவாக இருண்டு கிடக்கும். எல்லாக் கொன்ட்ராஸ்ட்டும் இந்த வேலையைச் செய்யாது, அதனால் எந்த மருந்து என்று கட்டாயம் கேளுங்கள்.

பெரியாஸ்பத்திரிக்குப் போகும்போது ரிப்போர்ட் தாளோடு பழைய சீ.ரி. சீடியையும் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரிசல்ட்டையும் கொண்டு போங்கள். படம் தெளிவில்லாமல் வந்தால் பயொப்சி, அதாவது கட்டியில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்கக் கேட்பார்கள், மறுக்க வேண்டாம். ஃபைப்ரோலமெல்லர் என்றே வந்தாலும் முழுதாக வெட்டி எடுக்க முடியுமா என்பதுதான் முதல் கேள்வி, அதைப் பார்க்கவும் இதே எம்.ஆர்.ஐ. உதவும்.