இடிச்ச கல்லு, நெய்வேலி சாம்பல், கடல் மண்ணு: எத எங்க போடலாம்? கேள்வி பதில்

கடலூர், பாண்டி பக்கம் வீடு கட்டுறவங்க, வேஸ்ட்ட வச்சு கான்கிரீட் செலவ கொறைக்கிறது பத்தி கேட்டதுக்கெல்லாம் இங்கயே பதில் போட்டுட்டேன்.

பாகூர்: அண்ணே, பழைய வீட்ட இடிச்ச கான்கிரீட்ட ஒடச்சு ஜல்லியா போடலாமா? மேஸ்திரி வேணாம்ங்குறாரு.

பதில்: போடலாம் தம்பி, எங்கன்னு பாத்து போடணும். ஜல்லி, மணலுக்கான இந்திய தர விதி ஐஎஸ் 383, 2016ல வந்தது, எம்15க்கு (எம்முன்னா கான்கிரீட்டோட பலம், நம்பர் கூடுனா பலம் கூட) கீழ இருக்குற கான்கிரீட்டுக்கு ஜல்லி முழுசும் இதுவாவே இருக்கலாம்னு சொல்லுது, அதுக்கு மேல போனா கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 25 சதவீதம், கம்பி போட்டதுன்னா 20தான், அதுவும் எம்25 வரைக்கும். அதனால அஸ்திவாரத்துக்கு அடியில கம்பியில்லாம, சிமெண்ட் கொறச்சு போடுற பிசிசி, தரைக்கு கீழ போடுறதுன்னு அங்கயே தீத்துடு, ரூஃபுக்கும் தூணுக்கும் கொண்டு போகாத. பழைய கல்லு மேல சாந்து ஒட்டியிருக்கும்ல, அது தண்ணிய குடிச்சிடும், மொத நாளே நல்லா நனச்சு வை. இல்லன்னா கலவை சீக்கிரம் இறுகும், ஆளுங்க எளக்க தண்ணிய ஊத்துவாங்க, ஸ்ட்ரெங்த் அங்கயே போச்சு. கம்பி துருப்பிடிச்சு வெடிச்ச தளத்தோட கல்லுன்னா உப்பு ஏறியிருக்கலாம், அத கம்பி கிட்டயே சேக்காத.

வடலூர்: சார், நெய்வேலி அனல்மின் நிலையத்து சாம்பல் சிமெண்ட்ல பாதிக்கு பாதி கலக்கலாமா?

பதில்: மொதல்ல மூட்டைய திருப்பி பாருங்க. பிபிசின்னு (சாம்பல் கலந்த சிமெண்ட்) போட்டிருந்தா கம்பெனியிலயே 15லேர்ந்து 35 சதவீதம் சாம்பல் கலந்துதான் வருது, அதுக்கு மேல நீங்க பாதி போட்டா சிமெண்ட் எங்கங்க இருக்கும்? சாம்பல் கலக்காத ஓபிசி சிமெண்ட் வாங்குனா கலக்கலாம், ஆனா அளவ இன்ஜினியர் போட்டுக் குடுக்கணும். ஈஎஸ்பில, அதாவது பொகையிலேர்ந்து சாம்பல பிரிக்கிற கருவில, புடிக்கிற நைசான காஞ்ச சாம்பல்தான் வேணும், குளத்துல கொட்டுன ஈரச் சாம்பல் இதுக்கு ஆகாது. நெய்வேலில எரிக்கிறது பழுப்பு நிலக்கரி, அந்த சாம்பல்ல சுண்ணாம்பு ஜாஸ்தி, டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டு வாங்குங்க. இன்னொன்னு, சாம்பல் கான்கிரீட்டு மெதுவாத்தான் பலம் புடிக்கும், 14 நாள் தண்ணி விடுங்க, ஏழாம் நாளே ஈரச் சாக்க எடுத்துடுறாங்க நம்ம ஊர்ல, அதான் கெடுக்குது.

தேவனாம்பட்டினம்: கடல் மண்ணு சும்மா கெடைக்குதே?

பதில்: வேணாம். உப்பு கம்பிய தின்னுடும், தளம் வெடிக்கும். கல்ல ஒடச்சு செய்யுற எம்-சேண்ட் மணல் வாங்குங்க.

நெல்லிக்குப்பம்: கரும்புச் சக்கை சாம்பல் எப்படிங்க?

பதில்: நல்லா எரிஞ்சு சலிச்சு அரச்சதுன்னா வேல செய்யும், கறுப்பா கரி தெரிஞ்சா விட்டுடுங்க. எரியாத சக்கையும் கலக்கக் கூடாது, அதுல இருக்குற சர்க்கரை சிமெண்ட்ட செட் ஆகவே விடாது, கொஞ்சம் இருந்தாலே கெடுத்துடும்.

முத்தியால்பேட்டை: செங்கல் ஒடசல் நெறைய கெடக்குது, அக்கா சொல்றாங்க தூக்கிப் போடுன்னு.

பதில்: ஐயையோ, தூக்கிப் போடாதீங்க! மொட்டமாடி தளத்துக்கு மேல செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, கடுக்கா தண்ணி போட்டு அடிச்சு எறக்குவாங்களே, அதுக்கு அதுதான் சரக்கு. வெயிலும் கொறையும், மழ தண்ணி ஓட சரிவும் கெடைக்கும். நல்லா வெந்த செங்கலா பாத்து பொறுக்குங்க, அரவேக்காடு கல்லு கரஞ்சிடும்.