பூமியின் காந்தப்புலம் ஃபிரிட்ஜ் காந்தத்தைவிடக் குறைவு என்கிறார்களே, பிறகு திசைகாட்டி ஊசி எப்படித் திரும்புகிறது?

குறைவுதான். காந்தப்புலத்தை அளக்கும் அலகு டெஸ்லா; மில்லிடெஸ்லா அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, மைக்ரோடெஸ்லா பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பூமியின் புலம் இடத்துக்கு இடம் 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை மாறும். தமிழ்நாட்டில் சுமார் 40. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தத்தின் பரப்பில் 5 மில்லிடெஸ்லா, அதாவது நூறு மடங்குக்கும் மேல். ஆனால் ஊசி திரும்புவதற்குப் பெரிய புலம் தேவையில்லை. ஊசியைத் தாங்கும் முனையில் உராய்வு குறைவாக இருந்தால் போதும். பூமியின் புலம் ஊசியின் நீளத்துக்குள் மாறுவதே இல்லை என்பதால் அதைத் திருப்ப மட்டும் செய்கிறது, வடக்கு நோக்கி இழுப்பதில்லை. இழுவிசை வர வேண்டுமானால் புலம் இடத்துக்கு இடம் மாற வேண்டும். சிறிய காந்தத்தின் அருகில் அது மிக வேகமாக மாறுகிறது.

எனவே காந்தங்களின் வலிமையைச் சொல்லும் எந்தப் பட்டியலிலும் "எத்தனை டெஸ்லா" என்பதோடு "எவ்வளவு தூரத்தில்" என்றும் கேளுங்கள். 10 மி.மீ. விட்டமும் 3 மி.மீ. தடிமனும் உள்ள நியோடிமியம் வில்லையை, அதாவது வலுவான சிறு வட்டக் காந்தத்தை, எடுத்துக்கொள்வோம். பரப்பின் நடுவில் சுமார் 0.3 டெஸ்லா. அச்சின் வழியே 5 செ.மீ. தள்ளினால் 360 மைக்ரோடெஸ்லா, 10 செ.மீ.யில் 45, 20 செ.மீ.யில் வெறும் 5 அல்லது 6. தூரம் இரட்டித்தால் புலம் எட்டில் ஒரு பங்காகிவிடும். பத்து சென்டிமீட்டருக்கு அப்பால் பூமிதான் ஜெயிக்கிறது.

இதைப் போனிலேயே அளக்கலாம். ஃபைஃபாக்ஸ் போன்ற இலவசச் செயலியில் காந்தமானியைத் திறங்கள். காந்தம் வைத்த கவர் இருந்தால் கழற்றிவிடுங்கள். இரும்புக் கட்டில், பீரோவிலிருந்து விலகி நின்று, போனை எட்டு வடிவத்தில் சில முறை சுழற்றினால் சென்சார் தன்னைச் சரிசெய்துகொள்ளும். போனை மரமேசையில் வைத்து மூன்று அச்சுகளின் அளவையும் குறித்துக்கொண்டு, பிறகு காந்தத்தைக் கொண்டுவாருங்கள். மொத்த அளவைக் கழித்தால் விடை தவறும். புலத்துக்குத் திசை உண்டு என்பதால் ஒவ்வொரு அச்சாகக் கழிக்க வேண்டும். தூரத்தையும் போனின் விளிம்பிலிருந்து அளக்கக் கூடாது. சென்சார் பெரும்பாலும் ஒரு மூலையில் இருக்கும். எங்கே வைத்தால் அளவு உச்சத்துக்குப் போகிறதோ அதுவே அதன் இடம். வில்லையை 5 செ.மீ.க்குள் கொண்டுபோகாதீர்கள். உள்ளிருக்கும் எஃகுப் பாகங்கள் காந்தமேறினால் அடுத்தடுத்த அளவுகள் எல்லாம் பிசகும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் அளப்பவர்களுக்குச் செங்குத்து அச்சில் கிட்டத்தட்ட சுழியம் வரும். பழுது என்று நினைக்க வேண்டாம், பூமியின் புலம் தரைக்குக் கிடையாக அமையும் காந்த நடுக்கோடு அந்த வட்டாரத்துக்கு அருகில் போகிறது.

எம்ஆர்ஐ ஸ்கேனில் 1.5 அல்லது 3 டெஸ்லா. திரவ ஹீலியத்தில் குளிர்ந்த மீக்கடத்திச் சுருள் (மின்தடையே இல்லாதது) என்பதால் ஸ்கேன் ஓடாதபோதும், கரண்ட் போனாலும் அந்தப் புலம் அப்படியே இருக்கும். ஆபத்து அதிகம் இருப்பது குழாயின் வாயருகே, ஏனென்றால் புலம் அங்கேதான் மிக வேகமாக ஏறுகிறது. வாசல்வரை அசையாத ஆக்ஸிஜன் சிலிண்டர் இரண்டடி உள்ளே போனதும் பறப்பது இதனால்தான்.

மின்காந்தச் சுருளுக்குள் வைக்கும் இரும்பு உள்ளகம் சுமார் 2 டெஸ்லாவில் தெவிட்டிவிடும், அதாவது அதன் பங்கு அதற்கு மேல் கூடாது. அதற்கு மேல் சுருளில் ஓடும் மின்னோட்டம்தான் சுமக்க வேண்டும். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்னின் பெரிய துகள் முடுக்கியில் 8.3 டெஸ்லா, அமெரிக்காவின் டல்லஹாசி ஆய்வகத்தில் நிலையான 45, அங்கேயே லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் 2012இல் கணநேரத் துடிப்பாக 100. தடையாக நிற்பது காந்த அழுத்தம். 1 டெஸ்லாவுக்கு 4 வளிமண்டல அழுத்தம், புலத்தின் வர்க்கத்தோடு அது ஏறுவதால் 100 டெஸ்லாவுக்கு 40,000. எந்தக் கம்பியும் இதற்கு மேல் தாங்குவது அரிது. டோக்கியோ பல்கலைக்கழகம் 2018இல் 1200 டெஸ்லாவை எட்டியபோது சுருளே சிதறியது.

இயற்கையில் சூரியப் புள்ளிகளின் புலம் அந்த வில்லையின் பரப்பில் உள்ளதே, 0.3 டெஸ்லா, ஆனால் பூமியைவிட அகலமான பரப்பில். மேக்னடார் எனும் நியூட்ரான் விண்மீன்களில் 10,000 கோடி டெஸ்லா வரை மதிப்பிடுகிறார்கள். அவற்றின் ஆரம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். தூரம் இரட்டித்தால் புலம் எட்டில் ஒன்றாகும் அதே மூன்றாம் படி விதியைப் போட்டால், அப்படியொன்று நிலவின் தூரத்தில் நின்றாலும் இங்கே ஓரிரு மில்லிடெஸ்லா அளவில் புலம் இருக்கும், பூமியின் சொந்தப் புலத்தைவிட இருபது மடங்குக்கு மேல்.