துண்டுப்பிரசுரம் அடிக்குமுன் ஊரில் ஒரு கிழமை

கேள்வி: களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் கடலோரக் கிராமம் ஒன்றில் மாதர் சங்கத்தோடும் மீனவர் சங்கத்தோடும் வேலை செய்கிறேன். காலநிலை மாற்ற விழிப்புணர்வுக்காக ஆறு மாதத் திட்டம் ஒன்று தந்திருக்கிறார்கள். பணம் கொஞ்சம்தான். துண்டுப்பிரசுரம், பதாகை, ஒரு நாள் கருத்தரங்கு என்று எழுதி வைத்திருக்கிறேன். போன முறை கருத்தரங்குக்கு வந்தவர்கள் மத்தியானச் சாப்பாட்டோடு எழும்பிப் போய்விட்டார்கள். இந்த முறை எப்படித் திட்டமிடுவது?

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் அச்சகத்துக்குச் சொல்லிவிடுங்கள், இப்போது எதுவும் அடிக்க வேண்டாம் என்று. பதாகைக்கு ஒதுக்கிய காசையும் தொடாமல் வையுங்கள். முதல் கிழமை முழுக்க ஊரில் கேட்பதற்கு மட்டும் போங்கள்.

சில வருடங்களுக்கு முன், வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஓர் ஊரில் நானும் கருத்தரங்கிலிருந்துதான் தொடங்கினேன். புரொஜெக்டரில் வெப்பநிலை வரைபடம் காட்டினேன். முக்கால் மணித்தியாலம் யாரும் வாய் திறக்கவில்லை. முடிந்து கதிரை அடுக்கும்போது ஒரு பெரியம்மா கிட்ட வந்தார். “மனே, எங்கட கிணத்துத் தண்ணியில இப்ப பருப்பு அவியுதில்ல. மறுகா என்ன செய்யிற?” என்றார். அவருடைய வளவுக்குப் போய்ப் பார்த்தோம். சவர்க்காரம் போட்டால் நுரை வரவில்லை. தண்ணீர் நாக்கில் லேசாகக் கரித்தது. பக்கத்து வளவுகளில் மோட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. மணலுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு படலம்போல மிதக்கிறது, மேலே கூட இறைத்தால் கீழே இருந்து உப்பு ஏறும், மழை பிந்தினாலும் கடல் மட்டம் உயர்ந்தாலும் அந்தப் படலம் மெலியும் என்று கிணற்றுக்கட்டில் நின்று சொன்னேன். பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். எத்தனை மணிக்கு யார் இறைப்பது என்று தங்களுக்குள்ளேயே பேசத் தொடங்கினார்கள்.

உங்கள் ஊரிலும் அப்படி ஒரு கிணறு இருக்கும். கிணறாக இல்லாவிட்டால் கரை அரிக்க அரிக்க வருடா வருடம் உள்ளே தள்ளி வைக்கும் மீனவர் வாடியாக இருக்கும், மாரியில் முங்கும் ஒழுங்கையாக இருக்கும். அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் அந்த ஒரு கிழமை. கேட்கும்போது அவர்கள் சொல்லும் சொல்லை அப்படியே எழுதுங்கள். “காலநிலை மாற்றம்” என்பது அலுவலகச் சொல். ஊரில் “காலம் மாறிப்போச்சு”, “மாரி பிந்திட்டு”, “கச்சான் காத்து முந்தின மாதிரி இல்ல” என்பார்கள். பின்னால் நீங்கள் எதை எழுதினாலும் பேசினாலும் அந்தச் சொற்களிலிருந்தே தொடங்க வேண்டும்.

அடுத்தது நோக்கம். “விழிப்புணர்வு ஏற்படுத்தல்” என்று எழுதியிருந்தால் அதை வெட்டிவிடுங்கள். யார், எந்தத் தேதிக்குள், என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். ஒக்டோபர் நடுப்பகுதிக்குள், எச்சரிக்கை வந்தால் தோணிகளையும் இயந்திரங்களையும் எந்த இடத்துக்கு ஏற்றுவது என்று மீனவர் சங்கம் முடிவெடுத்திருக்க வேண்டும். கடற்கரை வீதிக்குக் கிழக்கே உள்ள ஒவ்வொரு வீட்டிலும் அடையாள அட்டை, காணி உறுதி, கிளினிக் கொப்பி மூன்றும் ஒரே பொலித்தீன் பைக்குள் இருக்க வேண்டும். நடக்க முடியாத முதியவர் இருக்கும் வீட்டுக்கு எந்தப் பிள்ளை போகும் என்று பெயர் தெரிந்திருக்க வேண்டும். இப்படி மூன்று முடிவு போதும். ஆறு மாதத்துக்கு அதுவே நிறைய.

ஏன் ஒக்டோபர்? நம் பக்கத்துக்குப் பெரிய அடி விழுவது பெரும்பாலும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரைதான். 1978 சூறாவளி நவம்பர் 23 இரவு வந்தது. 2011 பெருவெள்ளம் ஜனவரியில். பேச்செல்லாம் ஆவணி, புரட்டாதிக்குள் முடிந்திருக்க வேண்டும். வெயில் காலத்தில் வெள்ளத்தைப் பற்றி யார் கேட்பார்கள் என்று தோன்றும். அதற்கு நான் கண்ட வழி ஒன்று உண்டு. 2011இல் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று ஊரவரையே காட்டச் சொல்லுங்கள். கோயில் மதிலில், பள்ளிக்கூடச் சுவரில், கடைத் தூணில் அவர்கள் கை வைக்கும் இடத்தில் நீலப் பெயின்றால் ஒரு கோடு, பக்கத்தில் வருடம். பிள்ளைகள் வந்து நின்று, தண்ணீர் தங்களுக்கு நெஞ்சுவரையா கழுத்துவரையா என்று பார்ப்பார்கள். வீட்டில் போய்ச் சொல்வார்கள். ஒரு ரின் பெயின்ற் செய்யும் இந்த வேலையை ஆயிரம் துண்டுப்பிரசுரம் செய்யாது.

இனி, நான் மிகவும் வற்புறுத்த விரும்புகிற விடயம். எல்லாவற்றையும் காலநிலை மாற்றத்தின் தலையில் போடாதீர்கள். ஒலுவில், நிந்தவூர்ப் பக்கம் கரை அரித்ததில் தென்னையும் காணியும் போனவர்கள் இருக்கிறார்கள். அங்கே நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்காகக் கொண்டுபோகிறது. ஒலுவில் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் அதை மறித்ததும் தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கரை கரைந்தது. அந்த மனிதர்களிடம் போய் “கடல் மட்டம் உயர்கிறது, அதனால்தான்” என்று சொன்னால் அடுத்ததாக நீங்கள் சொல்லும் உண்மையையும் நம்பமாட்டார்கள். நம்பாமல் விடுவதற்கு அவர்களுக்கு நியாயமும் உண்டு. மணல் அள்ளுவது, கண்டல் வெட்டுவது, கரையில் படர்ந்து மணலைப் பிடித்து வைத்திருக்கும் அடம்பன் கொடியைச் செருக்கி எறிவது, இவையெல்லாம் நம் கையால் நடப்பவை. இதில் இது கடலால், இது மழையால், இது மனிதரால் என்று பிரித்துச் சொல்லுங்கள். “அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு” என்ற பழமொழி தெரிந்த ஊர்களுக்கு, அந்தக் கொடியை ஏன் விட்டு வைக்க வேண்டும் என்று விளக்குவது கஷ்டமில்லை.

அதேபோல சுனாமி. கடல் ஏறும் என்று நீங்கள் வாய் திறந்தாலே 2004 டிசம்பர் 26 தான் ஞாபகம் வரும். நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மட்டக்களப்பில் நாவலடி, கல்லடி, டச்பார் எல்லாம் எப்படிக் கிடந்தன என்று உங்களுக்கே தெரியும். சுனாமி கடலடி நிலநடுக்கத்தால் வந்தது, காலநிலை மாற்றத்தால் வந்ததில்லை என்பதை முதல் சந்திப்பிலேயே தெளிவாகச் சொல்லுங்கள். சுனாமிப் படங்களைப் போட்டுப் பயம் காட்ட வேண்டாம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அந்தக் கூட்டத்தில் இருப்பார். 2012 ஏப்ரல் 11 அன்று சுனாமி எச்சரிக்கை கேட்டுச் சனம் கரையை விட்டு உள்ளே ஓடியது, பெரிய அலை வரவில்லை. “அன்றைக்கும் சொன்னார்கள், ஒன்றும் வரவில்லையே” என்ற பேச்சு வரும். ஓடியது சரி என்று சொல்லுங்கள்.

சரி, எண்களை என்ன செய்வது? எண்கள் வேண்டும், ஆனால் வீட்டு அளவில் வேண்டும். 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது. ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. இவ்வளவுதானா என்பார்கள். 2006க்குப் பிந்திய வருடங்களில் வருடத்துக்கு 3.7 மில்லிமீற்றர் வீதம் ஏறியது, வேகம் கூடிவிட்டது என்பதையும் சொல்லுங்கள். கூடவே வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தைச் சொல்லுங்கள். வெள்ளம் வந்தால் பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் மணல்திட்டை எப்போது வெட்டுவது என்று வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்காரரும் கிழக்கே எழுவான்கரை மீனவரும் வாக்குவாதப்படுவது புதிதில்லையே. கடல் உயர்ந்து நிற்கும் அன்று வாவித் தண்ணீர் மெதுவாகத்தான் வடியும். அந்த ஒரு சாண் எங்கே வேலை செய்கிறது என்று அப்போது புரியும்.

மழையும் அப்படித்தான். “100 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பலத்த மழை” என்று வானொலி சொல்கிறது. உங்கள் 20 பேர்ச் (ஏறத்தாழ 500 சதுர மீற்றர்) வளவில் 100 மில்லிமீற்றர் பெய்தால், ஆயிரம் லீற்றர் தண்ணீர்த் தாங்கி ஐம்பதைக் கவிழ்த்த மாதிரி. பக்கத்து வளவிலும் ஐம்பது. அதற்கடுத்ததிலும் ஐம்பது. வடிகான் அடைத்திருந்தால் அது எங்கே போகும்? சூடான காற்று கூடுதல் ஈரத்தைச் சுமக்கும், ஒரு பாகை கூடினால் ஏறத்தாழ 7 சதவீதம் என்பதையும் இந்த இடத்தில்தான் சொல்ல வேண்டும். தாங்கிக் கணக்கு மனதில் நின்ற பிறகு அது தானாகப் போய் உட்காரும்.

யார் சொல்வது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். நீங்கள் சொல்லக்கூடாது. தோணி ஏற்றுவதை மீனவர் சங்கத் தலைவர் சொல்லட்டும், அதுவும் வலை திருத்தும் நேரத்தில், வாடியில். கர்ப்பிணித் தாய்மாருக்கு மருத்துவமாது சொல்லட்டும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு வெளியூரில் இருப்பவர்களும் வந்து நிற்பார்கள், கோயில் பொறுப்பில் இருக்கும் வண்ணக்கரோடு பேசி ஐந்து நிமிடம் கேளுங்கள். கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்றுப் பக்கம் வேலை செய்தால் பள்ளிவாசல் நிர்வாகத்தையும் கோயில் நிர்வாகத்தையும் ஒன்றாக இருத்தி, இரண்டு ஒலிபெருக்கியிலும் ஒரே வசனம் ஒரே நேரத்தில் போக ஒப்பந்தம் செய்யுங்கள். அடுத்தடுத்த ஊர்களுக்கு வெவ்வேறு செய்தி போனால் சனம் குழம்பும். கரண்ட் போனாலும் ஒலிபெருக்கி வேலை செய்யுமா, பற்றரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பதாகைக் காசு இதற்குச் சரி.

வசனம் என்றேன். 2024 நவம்பர் வெள்ளத்தில் காரைதீவில் மத்ரஸா பிள்ளைகளை ஏற்றிய உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டதை நாம் யாரும் மறக்கவில்லை. “மக்கள் அவதானமாக இருக்கவும்” என்ற அறிவித்தலால் ஒருவருக்கும் பிரயோசனம் இல்லை. “வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடினால் வாகனத்திலோ நடந்தோ கடக்க வேண்டாம், இந்தப் பக்கமே பள்ளிக்கூடத்தில் தங்குங்கள்” என்பதுதான் அறிவித்தல். ஆபத்து ஒன்று சொன்னால், செய்ய வேண்டியது ஒன்றும் அதே மூச்சில் வர வேண்டும்.

அப்புறம் ஒரு ஒத்திகை. வளிமண்டலவியல் திணைக்களத்திலிருந்து அனர்த்த முகாமைத்துவ நிலையம், மாவட்டப் பிரிவு, பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர் என்று செய்தி இறங்கி வரும். 117க்கு அழைத்தும் கேட்கலாம். கிராம உத்தியோகத்தரின் கைபேசியிலிருந்து கடைசி வீடு வரை எவ்வளவு நேரம் என்பதை மட்டும் நீங்கள் அளந்தால் போதும். ஒரு ஞாயிறு காலை, எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, வாட்ஸ்அப் குரல்பதிவாக ஒரு செய்தி விடுங்கள். கைபேசி இல்லாத வீடுகள், ஆண்கள் கடலுக்குப் போயிருக்கும் வீடுகள், காது கேளாத முதியவர் தனியே இருக்கும் வீடு, இவை எல்லாம் அன்று வெளியே வரும். அந்த வீடுகளை ஊர் வரைபடத்தில் சிவப்பால் குறியுங்கள். துண்டுப்பிரசுரம் அடிக்க இன்னும் காசு மிஞ்சினால் அது அந்த வீடுகளுக்குப் போகட்டும், பெரிய எழுத்தில், மூன்றே வரியில்.

அறிக்கையில் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்பார்கள். கொடுங்கள். ஆனால் உங்களுக்கென்று வேறு ஒரு கொப்பி வையுங்கள். மாரி கழிந்ததும் இருபது வீட்டுக்குப் போய், யார் சொன்னார்கள், எத்தனை மணிக்குச் சொன்னார்கள், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று மூன்று கேள்வி கேட்டு எழுதுங்கள். செய்தி கடைசியாகப் போய்ச் சேர்ந்த வீடு எது, ஏன் பிந்தியது என்று எனக்கும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அடுத்த வருடத் திட்டத்தை அந்த வீட்டுப் படலையிலிருந்து தொடங்கலாம்.